14 தொடர் தொடங்கி 2 மட்டும் முடித்தேன்: ஒவ்வொரு சீசனிலும் அனிமேயை எப்படித் தேர்ந்தெடுக்கிறீர்கள்?

வெண்பனி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகவே கேட்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று ஆண்டுகளாக அனிமே, அதாவது ஜப்பானிய அனிமேஷன் தொடர்கள், பார்க்கிறேன். முதலில் முடிந்துபோன பழைய தொடர்களைத் தேடிப் பார்த்தேன். அப்போது எந்தச் சிக்கலும் இல்லை. ஓராண்டாகத்தான் புதுத் தொடர்களை வாராவாரம் பின்தொடர்கிறேன். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை டஜன் கணக்கில் வந்து குவிகின்றன. பட்டியல் வந்த அன்றே உட்கார்ந்து போஸ்டரையும் டிரெய்லரையும் பார்த்து நோட்டில் எழுதிக்கொள்வேன். போன சீசனில் அப்படி 14 தொடர்கள். ஐந்தாம் வாரத்திலேயே மூச்சுத் திணறியது. கடைசிவரை பார்த்தது இரண்டே இரண்டு.

முடிக்காமல் விட்டதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு 9 எபிசோடுகள் சேர்ந்துவிட்டன. ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டேன். ஏழாவதோ எட்டாவதோ, அதில் ஒரு பெண் இறந்துபோகிறாள். சுற்றி நிற்பவர்கள் அழுகிறார்கள். இவள் பெயர் என்ன என்று யோசித்தேன், வரவில்லை. யாருக்கு அக்கா என்பதும் நினைவில்லை. கணினியை மூடிவைத்துவிட்டேன். ஆசைப்பட்டு வந்த ஒன்றை இப்படிக் கடன் அடைப்பதுபோலப் பார்க்கிறேனே என்று அன்றைக்கு மனது மிகவும் கஷ்டப்பட்டது.

இதற்கு மேல், அந்தச் சீசனில் எல்லோரும் கொண்டாடிய தொடர் என் பட்டியலிலேயே இல்லை.

நீங்கள் எதை வைத்துத் தேர்ந்தெடுக்கிறீர்கள்? மூன்று எபிசோட் விதி என்கிறார்களே, அது உதவுமா? தளங்களில் வரும் மதிப்பெண்ணை நம்பலாமா?

அரைத்தூக்கம்:

மூன்று எபிசோட் விதியைத்தான் நான் பல ஆண்டுகளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். எதுவானாலும் 3 எபிசோட் பார்த்துவிடுங்கள், பிடிக்காவிட்டால் தயங்காமல் விட்டுவிடுங்கள். இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 2011 ஜனவரியில் வந்த மடோகா மாஜிகா. முதல் இரண்டு எபிசோடில் சிறுமிகளின் மாயாஜாலக் கதைபோல இருக்கும்; மூன்றாவதின் முடிவில்தான் அது எப்படிப்பட்ட கதை என்று தெரியவரும். இரண்டோடு நிறுத்தியவர்கள் இழந்தது பெரிது.

கடலோடி:

அரைத்தூக்கம் அண்ணா, விதி சரிதான், ஆனால் இவருக்கு அது பொருந்துமா? ஒரு எபிசோட் ஏறக்குறைய 24 நிமிடம். 14 தொடரையும் மூன்று மூன்றாகச் சோதித்தால் 1008 நிமிடம், கிட்டத்தட்ட 17 மணி நேரம். அந்த நேரத்தில் 12 எபிசோட் உள்ள மூன்று தொடரை முழுதாகப் பார்த்து முடித்துவிடலாம். சோதிப்பதிலேயே ஆள் களைத்துப்போய்விடுவார்.

பழையகாகிதம்:

வெண்பனி, வழி சொல்வதற்கு முன்னால் சில விவரங்கள் வேண்டும். வாரத்துக்கு உண்மையில் எத்தனை மணி நேரம் கிடைக்கிறது? கிடைக்க வேண்டும் என்று நினைப்பதைக் கேட்கவில்லை. அந்த 14-ஐ எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் என்ன காரணம்? முடித்த இரண்டையும் எப்படி முடித்தீர்கள்? இந்த மூன்று ஆண்டில் மனதைவிட்டுப் போகாத தொடர்கள் எவை? நாலைந்து பெயர் போதும், யோசிக்காமல் சொல்லுங்கள்.

வெண்பனி:

நன்றி. நோட்டை எடுத்துவைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

வார நாளில் அரை மணி, அதுவும் எல்லா நாளும் இல்லை. ஞாயிறு இரண்டு மணி நேரம். மொத்தம் நான்கு மணி நேரம் என்று வையுங்கள்.

14-இல் 5 பழைய தொடர்களின் அடுத்த பாகம். அந்த ஐந்தில் இரண்டுக்கு முதல் பாகமே எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. விட மனமில்லாமல் எழுதியிருக்கிறேன். 6 தொடர்கள் டிரெய்லர் அழகாக இருந்ததால். மீதி மூன்றை எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள் என்று சேர்த்திருக்கிறேன்.

முடித்த இரண்டையும் தம்பியோடு பார்த்தேன். வந்த அன்றே இரவு பார்த்துவிடுவோம். முடிந்ததும் விளக்கைப் போடாமலேயே பேசிக்கொண்டிருப்போம்.

மனதில் நிற்பவை: முஷிஷி, தென்துருவத்துக்குப் போகும் நான்கு பெண்களின் கதையான சோரா யோரி மோ தோய் பாஷோ, போச்சி தி ராக், ஃப்ரீரென்.

அரைத்தூக்கம்:

சோரா யோரி மோ, ஃப்ரீரென் இரண்டும் மேட்ஹவுஸ் ஸ்டுடியோவின் படைப்புகள். அந்த ஸ்டுடியோவின் புதுத் தொடர்களைப் பின்தொடருங்கள், பாதி வேலை முடிந்தது.

பழையகாகிதம்:

அண்ணா, இந்த இடத்தில் நான் வேறுபடுகிறேன். ஸ்டுடியோ என்பது ஒரே கை இல்லை. ஒரே ஸ்டுடியோவுக்குள் பல குழுக்கள் ஒரே நேரத்தில் வெவ்வேறு தொடர்களைச் செய்துகொண்டிருக்கும்.

வெண்பனியின் பட்டியலைப் பாருங்கள். 2022 அக்டோபரில் வந்த போச்சி தி ராக் க்ளோவர்வொர்க்ஸ் ஸ்டுடியோவுடையது. 2023-இல் வந்த ஃப்ரீரென் மேட்ஹவுஸுடையது. ஒன்று ராக் இசைக்குழு, மற்றது எல்ஃப் என்னும், பல நூறாண்டு வாழும் கற்பனை இனத்து மந்திரவாதி ஒருத்தியின் பயணம். ஆனால் இரண்டையும் இயக்கியவர் ஒருவரே, கெய்இச்சிரோ சைடோ.

தெரிந்த பிறகு இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். போச்சி அலமாரிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து கிடார் வாசிக்கிறாள். ஃப்ரீரென், தன்னோடு பயணம் செய்த வீரன் ஹிம்மெலின் இறுதிச் சடங்கில், அவனைத் தெரிந்துகொள்ள முயலாமலேயே பத்தாண்டு கூட இருந்துவிட்டோமே என்று காலம் கடந்து அழுகிறாள். உள்ளே இருப்பதை வாய்விட்டுச் சொல்லத் தெரியாத இருவர். உடம்பு நிற்கிற விதத்தையும் மௌனத்தின் நீளத்தையும் வைத்தே அவர்களை நமக்குப் புரியவைக்கிறார் இயக்குநர். உங்களுக்குப் பிடித்தது அது என்று நினைக்கிறேன். ஒன்றரை மடங்கு வேகத்தில் முதலில் நசுங்குவதும் அதுதான்.

வின்லண்ட் சாகாவையும் சொல்லலாம். 2019-இல் முதல் சீசன் விட் ஸ்டுடியோ, 2023-இல் இரண்டாவது மாப்பா. ஸ்டுடியோ மாறியது, இயக்குநர் ஷூஹேய் யாபுடா மாறவில்லை. அதனால் புதுக் கைக்குப் போய்விட்டதே என்ற எண்ணம் எனக்கு வரவே இல்லை.

ஆகவே புதுப் பட்டியல் வரும்போது போஸ்டருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும் இரண்டு பெயர்களைப் பாருங்கள்: இயக்குநர், தொடர் அமைப்பாளர். இரண்டாமவரைப் பலர் கவனிப்பதில்லை. மங்கா என்னும் ஜப்பானியப் படக்கதையோ நாவலோ, அதன் எந்தப் பகுதி 12 எபிசோடுக்குள் வரவேண்டும், ஒவ்வொரு எபிசோடும் எந்த இடத்தில் முடிய வேண்டும் என்று வகுப்பதில் பெரும் பங்கு அவருடையது. நல்ல கதை ஓட்டமாய் ஓடிக் கெட்டுப்போவதும், நின்று நிதானித்துச் சிறப்பதும் பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது.

வெண்பனி:

சைடோ என்ற பெயரை இன்றுதான் கேள்விப்படுகிறேன். இரண்டு தொடரின் தொடக்கப் பாடலிலும் அந்தப் பெயர் ஓடியிருக்கும், ஒவ்வொரு முறையும் தாண்டிப் போயிருக்கிறேன்.

இடையில் ஒரு சின்னச் சந்தேகம். ஒளிபரப்பு அட்டவணையில் செவ்வாய் 25:30 என்று போட்டிருக்கிறது. அச்சுப் பிழையா?

கடலோடி:

பிழை இல்லை. ஜப்பானில் நள்ளிரவு ஒளிபரப்பை முந்தின நாளின் தொடர்ச்சியாகக் கணக்கிடுவார்கள். செவ்வாய் 25:30 என்றால் புதன் அதிகாலை 1:30, அதுவும் ஜப்பான் நேரம். சீசன் கணக்கும் அப்படித்தான், மாத முதல் தேதியில் பிடித்தாற்போலத் தொடங்காது. ஃப்ரீரென் 2023 செப்டம்பர் 29-இல் தொடங்கியது, ஆனாலும் அக்டோபர் சீசனில்தான் சேர்ப்பார்கள். முதல் நாளே நான்கு எபிசோடுகளைச் சேர்த்து ஒளிபரப்பினார்கள்.

மூன்றாம்வரி:

மதிப்பெண் பற்றிக் கேட்டிருந்தீர்கள், யாரும் தொடவில்லை.

இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் இவற்றுக்கு மதிப்பெண் பெரும்பாலும் தூக்கலாகவே இருக்கும். முதல் பாகம் பிடிக்காதவர்கள் அங்கேயே இறங்கிவிடுகிறார்கள். பிடித்தவர்கள் மட்டும் ஏறிவந்து மதிப்பெண் போடுகிறார்கள். அதனால் ஒரு தொடரின் மூன்றாம் பாகத்தின் எண்ணையும் இன்னொரு புதுத் தொடரின் எண்ணையும் ஒரே தராசில் வைக்க முடியாது. முதல் இரண்டு வாரத்து மதிப்பெண்ணை நான் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை. வரும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்தவர்களின் உற்சாகம்தான் அதில் அதிகம்.

எனக்குப் பயன்படுவது வேறு. ஆறாவது, ஏழாவது வாரத்தில் ஒரு தொடரைப் பற்றிய பேச்சு தொடக்கத்தைவிட அதிகமாகியிருக்கிறதா என்று பார்ப்பேன். 2021 ஏப்ரலில் ஆட் டாக்ஸி வந்தபோது போஸ்டரில் விலங்கு முகங்களைப் பார்த்துக் குழந்தைகளுக்கானது என்று தாண்டிப்போனேன். நாயகன் 41 வயது டாக்ஸி ஓட்டுநர், வால்ரஸ் உருவம். காணாமல் போன ஒரு பள்ளி மாணவியைச் சுற்றிப் பின்னிய குற்றக் கதை அது. முதல் எபிசோடில் காரின் பின்னிருக்கையில் யாரோ சாதாரணமாகச் சொல்லும் வார்த்தைக்குக்கூடப் பின்னால் கணக்கு இருக்கிறது. 13 எபிசோட், மங்காவிலிருந்து எடுக்காத சொந்தக் கதை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே அது பரவியது. டிரெய்லரை மட்டும் நம்பியிருந்தால் இன்றுவரை நான் பார்த்திருக்க மாட்டேன்.

அதனால் பட்டியலில் ஓர் இடத்தைக் காலியாகவே விடுங்கள். சீசன் பாதியில் யாராவது அடித்துச் சொல்லும் தொடருக்காக. எல்லோரும் கொண்டாடியதைத் தவறவிட்டேன் என்றீர்களே, 14 இடத்தையும் முதல் நாளே நிரப்பியதால்தான் தவறியது.

கடலோடி:

நான் இன்னும் ஒரு படி மேலே போவேன். வாராவாரம் பார்த்தே ஆகவேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்? சீசன் முடியட்டும், பிறகு நல்லதாக இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். 12 எபிசோட் என்றால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவு. பாதியில் நிற்குமா, முடிவு உண்டா என்பதெல்லாம் அப்போது தெரிந்துவிடும்.

வெண்பனி:

அது எனக்கு வேண்டாம், கடலோடி. தம்பியோடு பேசிக்கொண்டிருக்கும் அந்த நேரம் வாராவாரம் பார்ப்பதால்தான் கிடைக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்று அவன் ஒன்று சொல்வான், நான் ஒன்று சொல்வேன், ஏழு நாள் அதையே நினைத்துக்கொண்டிருப்போம். மொத்தமாகப் பார்த்தால் அடுத்ததைப் போடத்தான் கை போகும்.

பழையகாகிதம்:

அப்படியென்றால் தம்பியோடு பார்க்கும் இரண்டை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள், மற்றவை அதற்குப் பிறகு. நான்கு மணி நேரம் முழுவதையும் நிரப்பினால் 10 எபிசோட் வரும், நிரப்பாதீர்கள். ஐந்து தொடர், ஒரு காலி இடம். ஒரு வாரம் உடம்புக்கு முடியாமல் போனாலும் அடுத்த வாரம் மலைபோல நிற்காது.

அடுத்த பாகம் என்பதற்காக மட்டும் எதையும் சேர்க்காதீர்கள். முதல் பாகம் பிடிக்காத அந்த இரண்டையும் இன்றே அடித்துவிடுங்கள்.

மங்காவிலிருந்து எடுத்த தொடர் என்றால் எத்தனை எபிசோட், பாதி வந்து இடைவெளி விட்டு மீதி வருமா என்றும் பாருங்கள். ஸ்பை ஃபேமிலி 2022 ஏப்ரலில் 12 எபிசோட் வந்து நின்றது, மீதி 13 அக்டோபரில் வந்தன. தெரியாமல் பார்த்த என் நண்பன் கதை அவ்வளவுதான் என்று நினைத்துவிட்டான்.

அரைத்தூக்கம்:

பழையகாகிதம் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். ஸ்டுடியோவை வைத்து நான் சொன்னது அவசரம். மூன்று எபிசோட் விதியை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஐந்து தொடருக்கு அது ஆறு மணி நேரம்தான், மூன்று வாரத்தில் பரவிவிடும். அந்த அளவில் அது நன்றாகவே வேலை செய்யும்.

ஒரு எச்சரிக்கையும் சொல்கிறேன். நல்ல இயக்குநர் இருந்தும் சறுக்கிய தொடர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் எபிசோடில் பெரும்பாலும் எல்லா உழைப்பையும் கொட்டியிருப்பார்கள். நான்கு, ஐந்து வரும்போது முகங்கள் எபிசோடுக்கு எபிசோட் மாறுகின்றனவா, அசைய வேண்டிய இடத்தில் அசையாத படங்கள் வருகின்றனவா என்று பாருங்கள். நடுவில் திடீரென்று பழைய காட்சிகளைத் தொகுத்து ஒரு எபிசோட் போட்டால், பல நேரங்களில் வேலை நேரத்துக்குள் முடியவில்லை என்று பொருள். அதற்காக வெறுக்க வேண்டாம். விடிய விடிய உட்கார்ந்து வரைகிறவர்கள் அவர்கள். சீசன் முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கிவையுங்கள்.

வெண்பனி (ஏழு வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி சொல்லவும், என்ன ஆயிற்று என்று சொல்லவும் வந்தேன்.

இந்த முறை நோட்டில் பெயருக்குப் பக்கத்தில் இயக்குநர், தொடர் அமைப்பாளர், அவர்கள் முன்னால் செய்தது என்று கோடு போட்டு எழுதினேன். அதற்கே இரண்டு மாலை ஆனது. ஆனால் எழுதி முடித்தபோது 11 பெயர்கள் தாமாகவே விழுந்துவிட்டன. ஐந்து எடுத்தேன். மூன்றாவது எபிசோடில் ஒன்றை விட்டேன், வருத்தமே இல்லை. காலி இடத்துக்கு ஆறாம் வாரத்தில் ஆள் வந்தது. போஸ்டரைப் பார்த்து நான் முதலிலேயே அடித்திருந்த தொடர் அது. மூன்றாம்வரி, உங்களை நினைத்துக்கொண்டேன். அதைத் தம்பியோடு பார்க்கிறேன்.

வேகத்தைக் கூட்டுவதே இல்லை. போன மாதம் நேரம் மிஞ்சியதால், அன்றைக்குப் பாதியில் மூடிய அந்தத் தொடரை முதலிலிருந்து சாதாரண வேகத்தில் தொடங்கினேன். அந்தப் பெண்ணின் பெயர் முதல் எபிசோடிலேயே வருகிறது. பள்ளிக்குப் புதிதாகப் போகும் தங்கையின் குடையில், உள்பக்கமாக, தன் பெயரையும் சேர்த்து எழுதிக்கொடுக்கிறாள். ஐந்து எபிசோட் முடித்துவிட்டேன். எப்படி முடியும் என்று எனக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. நேற்றிலிருந்து அவனும் வந்து உட்கார ஆரம்பித்திருக்கிறான்.