நாபி குன்றில் மரம் நிற்கிறதே, கீழே ஏன் இல்லை?

சாம்பல்மண்: தான்சானியாவின் செரெங்கெட்டி தேசியப் பூங்காவைப் பற்றி, ‘மாடு மேய்க்கும் மாசாய்கள் தீ வைத்தே செரெங்கெட்டியை மொட்டையாக்கிவிட்டார்கள்’ என்று ஒரு பயணக் கட்டுரையை நேற்று இங்கே ஒருவர் பகிர்ந்திருந்தார். படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. தென்கிழக்குச் சமவெளியில் மரம் இல்லாததற்குக் காரணம் எரிமலைச் சாம்பல். கெரிமாசியும் ஓல் டோய்ன்யோ லெங்காயும் கக்கிய சாம்பலில் இருந்த சுண்ணாம்பு, மழையில் கரைந்து இறங்கி சிமெண்ட் தளம்போல் இறுகிக் கிடக்கிறது. புல்லுக்கு மேல்மண் போதும், மரத்தின் வேர் இறங்காது. அந்தச் சமவெளியில் நிற்கும் நாபி குன்றைப் பாருங்கள். பாறைமேல் குடைவேல மரங்கள். கீழே இறங்கினால் வெறும் புல்.

தீக்குச்சி: பகிர்ந்தது நான். பெயர் சொல்லியே திட்டலாமே! பாறையில் தீ ஏறாது, அதனால்தான் நாபியில் மரம். மாடுகளையும் காட்டு மேய்விலங்குகளையும் கொன்ற வெக்கை நோய் ஒழிந்தபின், வில்டபீஸ்ட் என்ற பெரிய மான் இனம் 1961இல் 2.5 லட்சத்திலிருந்து 1970களின் கடைசியில் 13 லட்சமானது. புல்லை அவை மேய்ந்ததும் தீ குறைந்தது, மரம் பெருகியது. இதற்கும் சாம்பலா காரணம்?

சாம்பல்மண்: மரம் பெருகியது வடக்கே. நான் கேட்பது நாபி. அங்கே கணுக்கால் உயரப் புல், அதையும் கன்று ஈனும் காலத்தில் மந்தை ஒட்ட மேய்ந்துவிடும். எரிய என்ன இருக்கிறது?

மாராக்கரை: மழையை மறந்துவிட்டீர்கள். தென்கிழக்கு மழைமறைவுப் பகுதி. வடக்கே பெய்வதில் பாதிகூடச் சில இடங்களில் கிடையாது.

சாம்பல்மண்: நாபியிலும் அதே மழைதானே பெய்கிறது? மரம் நிற்கிறதே!

மாராக்கரை: கழுதைப்புலி விவாதத்திலும் இப்படித்தான் யாரையும் பேசவிடவில்லை.

சாம்பல்மண்: அதிலும் நான் சொன்னதுதான் சரி. கழுதைப்புலி பெரும்பாலும் தானே வேட்டையாடித் தின்கிறது என்று 1960களிலேயே விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் ஆராய்ந்து காட்டிவிட்டார். நீங்கள்தான் ‘பிணந்தின்னி’ என்று பிடிவாதம் பிடித்தீர்கள்.

மேய்ச்சல்காரன்: சாம்பலோ தீயோ, 1959இல் மாசாய்களைச் செரெங்கெட்டியிலிருந்து வெளியேற்றினார்களே, அதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. தலைமுறையாக மாடு மேய்த்த மண் அது.

தீக்குச்சி: வெளியேற்றியதால்தான் பூங்கா பிழைத்தது.

மேய்ச்சல்காரன்: அவர்கள் போன இடம் பக்கத்திலுள்ள ன்கொரொங்கோரோ காப்பகம். இன்றும் அங்கே மாடும் சிங்கமும் ஒரே நிலத்தில்தான். அது அழிந்துவிட்டதா?

தீக்குச்சி: அது வேறு, இது வேறு.

சாம்பல்மண்: எப்படி வேறு? இரண்டும் ஒரே சாம்பல்தான். நாபிக்கு இன்னும் பதில் வரவில்லை.

தீக்குச்சி: சொல்லியாயிற்று. பாறையில் தீ ஏறாது. மேலே போய்ப் படியுங்கள்.