கலப்பு ஊடகத்தில் தன்னுருவ ஓவியம்: முகம் வருகிறது, நான் வரவில்லை

வினா: படுவான்கரைப் பிள்ளை

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் பிறந்து வளர்ந்த நான், வேலையின் பொருட்டு இப்போது மட்டக்களப்பு நகரில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தங்கியிருக்கிறேன். உயர்தரத்தில் சித்திரத்தை ஒரு பாடமாகக் கற்றதைத் தவிர எனக்கு வேறு பயிற்சி இல்லை. எனினும் ஆறு மாதங்களாக மாலை வேளைகளில் கண்ணாடியின் முன் அமர்ந்து என்னுடைய முகத்தையே வரைந்து வருகிறேன். பென்சிலிலும் நீர்வர்ணத்திலுமாகப் பதினான்கு படங்கள் சேர்ந்துவிட்டன. பார்த்தவர்கள் எல்லாரும் அச்சு அசல் நீதான் என்கிறார்கள். எனக்கோ அவை அடையாள அட்டைக்கு எடுத்த படங்களாகவே தெரிகின்றன.

ஆகவே பதினைந்தாவது படத்தைக் கலப்பு ஊடகத்தில், அதாவது நிறத்தோடு வேறு பொருட்களையும் ஒட்டிச் செய்ய எண்ணி, வீட்டிலிருந்து சில பொருட்களைக் கொண்டு வந்திருக்கிறேன். அம்மம்மா பன் என்ற புல்லால் இழைத்த பன்பாயின் கிழிந்த பாதி, அம்மாவின் மருதமுனைக் கைத்தறிச் சேலை, அப்பாவின் நெற்சாக்கு, ஒரு பெட்டி நிறையப் பேருந்துச் சீட்டுகள், 2011 ஜனவரி வெள்ளத்தில் நனைந்த அல்பத்திலிருந்து பிரித்தெடுத்த ஒரு குடும்பப் படம் ஆகியவை அவை. அந்தப் படத்தில் அம்மம்மாவின் முகத்தில் பாதி, அல்பத்தின் தாளோடு ஒட்டிப் போய்விட்டது.

முகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைப் படுவான்கரையாகவும் மறு பாதியைக் கிழக்குக் கரையான எழுவான்கரையாகவும் அமைத்து, மூக்கின் வழியே மண்முனைப் பாலத்தை வரையலாம் என்பது என் திட்டம். 2014 இல் அந்தப் பாலம் திறக்கப்படும்வரை நாங்கள் "பாதை" எனப்படும் தட்டைப் படகில் ஏறித்தான் வாவியைக் கடந்தோம். ஆனால் நான் காட்ட விரும்புவது பாலத்தை அன்று. அலுவலகத்தில் பேசிக்கொண்டிருக்கும்போது "மறுகா" என்ற சொல் வாய்வரை வந்துவிடும்; அதை விழுங்கிவிட்டு "பிறகு" என்று சொல்வேன். ஊருக்குப் போனால் அங்குள்ளவர்கள், நான் "பிறகு" என்று சொல்வதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அந்த உணர்வை ஒரு படத்துக்குள் எவ்வாறு கொண்டு வருவது? இப்பொருட்களை எந்தப் பசையால் ஒட்டுவது என்பதையும் தயவுசெய்து கூறுங்கள். மாரி மழை தொடங்கிவிட்டது. அறையின் சுவரிலேயே பூஞ்சணம் பிடிக்கிறது.

மறுமொழி 1: ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், களுவாஞ்சிகுடி

மகள், உங்களுடைய வினாவுக்குள்ளேயே விடையும் இருக்கிறது. பொருட்களின் பட்டியலில்தான் அதைச் சேர்க்க மறந்துவிட்டீர்கள். ஒரு சொல்லை விழுங்குகிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். விழுங்குவது தொண்டையில் நிகழ்கிறது. நீங்கள் வரைந்த பதினான்கு படங்களும் எங்கே முடிகின்றன என்று எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் நாடியோடோ கழுத்தின் தொடக்கத்தோடோ முடிந்திருக்கும் என்பது என் ஊகம். அடுத்த படத்தில் முகத்தைச் சற்று மேலே தள்ளி, கழுத்துக்கு நிறைய இடம் கொடுங்கள்.

இரண்டாகப் பிளந்த முகத்தைக் கைவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். முப்பது ஆண்டுகள் சித்திரம் கற்பித்த எனக்கு, பாதி முகம், வெடித்த சுவர், ஒரு துளி கண்ணீர், கூண்டுக்குள் ஒரு கிளி ஆகிய நான்கும் இல்லாத மாணவர் தன்னுருவப் படத்தைக் கண்டால் தேநீர் வாங்கிக் கொடுக்கத் தோன்றும். இரண்டு நிலைகளைக் காட்டுவது தவறென்று நான் சொல்லவில்லை. மெக்சிக்கோ ஓவியர் ஃப்ரீடா காலோ, டியேகோ ரிவேராவுடனான மணவாழ்க்கை முறிந்த 1939 ஆம் ஆண்டில் வரைந்த "இரு ஃப்ரீடாக்கள்" என்ற ஓவியத்தில், வெள்ளை நிற ஐரோப்பிய உடை அணிந்த ஒருத்தியும் மெக்சிக்கோவின் மரபான தெஹுவானா உடை அணிந்த மற்றொருத்தியும் கைகோத்து அமர்ந்திருக்கிறார்கள்; வெளியே தெரியும் அவர்களுடைய இதயங்களை ஒரே இரத்தக்குழாய் இணைக்கிறது. முகங்களைக் கவனியுங்கள், இரண்டுமே சலனமின்றி இருக்கின்றன. வலி முழுவதும் அக்குழாயின் அறுந்த முனையிலும், அதை நெரித்துப் பிடித்திருக்கும் சத்திரசிகிச்சை இடுக்கியிலும், வெள்ளை உடையில் சிந்திய குருதியிலும் இருக்கிறது. நீங்களும் முகத்தை அமைதியாக விட்டுவிட்டுக் கழுத்தைப் பேச வைக்கலாம்.

எல்லாப் பொருட்களையும் ஒட்டினால் படம் வீட்டுப் பரணாகிவிடும். என் தெரிவு பன்பாய். 1912 இல் பிக்காசோ, கதிரையின் பிரம்புப் பின்னலைத் தூரிகையால் வரையாமல், பின்னல் அச்சிடப்பட்ட மெழுகுசீலையை ஒட்டி, நீள்வட்டமான அந்தப் படத்தைச் சுற்றிக் கயிற்றையே சட்டமாக்கினார். அவரிடம் இருந்தது அச்சிட்ட பின்னல். உங்களிடம் இருப்பதோ அம்மம்மாவின் விரல் பட்ட பின்னல். கழுத்தின் வடிவத்தில் பாயை வெட்டி ஒட்டி, அதன் மேல் தோலின் நிறத்தை மெல்லியதாகப் பூசுங்கள். தூர நின்று பார்த்தால் கழுத்தாகவும், அருகில் வந்தால் பாயாகவும் அது தெரியட்டும்.

இனி வேலைமுறை. கடதாசி இந்தப் பாரத்தைத் தாங்காது. ஹார்ட்போட் பலகையை எடுத்து, முன்பக்கத்தைப் போலவே பின்பக்கத்துக்கும் வெள்ளை அடிப்பூச்சுப் பூசுங்கள். ஒரு பக்கம் மாத்திரம் பூசினால் மழைக்காலத்தில் பலகை வளையும். கோதுமைமாப் பசை வேண்டாம், கரப்பானுக்கும் பூஞ்சணத்துக்கும் அது விருந்து. தச்சர்கள் பயன்படுத்தும் வெள்ளைப் பசையே போதும். பாயை வெட்டுவதற்கு முதல் நாள் ஈரத்துணியில் சுற்றி வைத்தால் பன் நொறுங்காது. வெட்டவேண்டிய கோட்டின் இரு புறமும் பசையைத் தடவி, காய்ந்த பிறகு வெட்டினால் இழைகள் பிரியா. ஒட்டிய பின்னர் மேலே ஒரு பொலித்தீன் தாளை விரித்துப் பாரம் வைத்து, இரண்டு நாட்கள் தொடாமல் விடுங்கள்.

குடும்பப் படத்தின் அசலை ஒட்டவே வேண்டாம். லேசர் அச்சில் ஒரு பிரதி எடுங்கள். மை பீச்சும் அச்சுப்பொறியில் எடுத்த பிரதி பசையின் ஈரம் பட்டதும் கரைந்து ஓடும். அந்தப் பிரதியின் அச்சுப் பக்கத்தில் அக்ரிலிக் மீடியத்தை (நிறம் கலவாத அக்ரிலிக் பூச்சை)த் தடிப்பாகப் பூசி, பலகையில் கவிழ்த்து ஒட்டி, முற்றாகக் காயவிட்டு, பின்னர் ஈரப் பஞ்சால் நனைத்து விரல்நுனியால் தேய்த்தால் கடதாசி திரள் திரளாக உரிந்து, படத்தின் மை மாத்திரம் பலகையில் தங்கும். படம் இடம்வலம் மாறி வரும் என்பதால், அச்சிடும்போதே திருப்பி எடுக்கச் சொல்லுங்கள்.

மறுமொழி 2: தறிவீட்டுப் பிள்ளை, மருதமுனை

சகோதரி, ஆசிரியர் சேலையைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டார். தறிச் சத்தத்தில் வளர்ந்தவன் என்பதால் எனக்கு அதில் சிறிது வருத்தம். எனினும் உங்கள் தாயார் இன்னும் உடுத்தும் சேலையானால், அவரிடம் கேட்காமல் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். கேட்ட பிறகும் முந்தானையில் கை வைக்காதீர்கள். ஒரு சேலையில் நெசவாளரின் கவனம் அதிகமாகச் செல்வது அங்கேதான். உடுத்தும்போது உள்ளே மறையும் பகுதியிலிருந்து ஒரு சாண் எடுத்தால் போதும்.

துணியை ஒட்டுவதற்கு முன் வெந்நீரில் ஊறவைத்துக் கசக்கிப் பிழிந்து காயவையுங்கள். துணியில் எஞ்சியிருக்கும் கஞ்சி பசையைத் தடுக்கும். சாயம் கழரக்கூடியது என்றால் அதுவும் அப்போதே தெரிந்துவிடும், படத்தின் மேல் வெள்ளை நிறம் பூசிய பின்னர் தெரிந்தால் அழவேண்டி வரும். மற்றொன்று: துணியைத் துண்டாக ஒட்டுவது ஒன்றுதான் வழி என்பதில்லை. குறுக்கே ஓடும் ஊடு நூல்களை ஒவ்வொன்றாக உருவிவிட்டால் நெடுக்கே ஓடும் பாவு நூல்கள் மாத்திரம் தொங்கும். உங்கள் தாயாரின் சேலையிலிருந்து உருவிய நூலாலேயே, பாயின் கிழிந்த ஓரத்தைப் பலகையில் துளையிட்டுத் தைக்கலாம் அல்லவா? அப்போது சேலையும் படத்துக்குள் வந்துவிடும், இடத்தையும் அடைக்காது.

மறுமொழி 3: கடற்கரை வீதி, கல்முனை

ஆசிரியரின் அறிவுரைகளில் ஒன்றைத் தவிர மற்றவற்றை ஏற்கிறேன். அசலை ஒட்டக்கூடாது என்பது சரி. ஆனால் பிரதி எடுக்கும் கடைகளில், கேட்காமலேயே கணினியில் பழுது பார்த்து, உரிந்துபோன பகுதியை நிரப்பி, முகத்தை மினுமினுப்பாக்கித் தந்துவிடுகிறார்கள். அம்மம்மாவின் முகத்தில் வெள்ளம் கொண்டுபோன பாதி அப்படியே வெறுமையாக இருக்கவேண்டும். அதைப் பொருட்பட்டியலில் ஒன்றாக எண்ணுங்கள். ஆகவே அப்படத்தைத் தள்ளி வைக்காமல், பாய்க்கு அடுத்த இடத்தை அதற்குக் கொடுங்கள்.

இதைச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமியில் இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் எங்களுடைய அம்பாறை. எங்கள் வீட்டில் ஆட்கள் தப்பினோம், அலுமாரி தப்பவில்லை. ஐந்து வயதுக்கு முந்திய என் முகம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று ஒரு படமும் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் நான் தன்னுருவ ஓவியம் செய்தபோது, உம்மாவின் வாய்மொழியைக் கேட்டு அந்தச் சிறுவனை வரைய முயன்றேன். ஒவ்வொரு முறை கேட்கும்போதும் உம்மா சொன்ன முகம் சிறிது மாறியது. ஒரு நாள் கன்னத்தில் குழி இருந்தது, மறுநாள் அது தம்பிக்குத்தான் என்றார். கடைசியில் படச்சட்டத்தின் அளவில் ஒரு சதுரத்தை வெறுமையாக விட்டு, அதற்குள் கடற்கரை மணலை மாத்திரம் ஒட்டினேன்.

மணல் ஒட்டுவோருக்கு ஒரு குறிப்பும் தருகிறேன், ஏனெனில் என் முதற் படம் அதனால்தான் கெட்டது. கடல் மணலை நல்ல தண்ணீரில் ஐந்தாறு முறை கழுவாமல் ஒட்டினால், எஞ்சிய உப்பு மாரிக்காலத்தில் காற்றிலுள்ள ஈரலிப்பை இழுத்து, மேற்பூச்சைக் கொப்புளமாக்கி உரித்துவிடும். உங்களுடைய நெற்சாக்கிலும் பசளை வைத்த சாக்கு எது, நெல் வைத்த சாக்கு எது என்று பார்த்து எடுங்கள்.

மறுமொழி 4: படுவான்கரைப் பிள்ளை

மூவருக்கும் நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவேண்டும். ஒட்டியது காய்வதற்கே அத்தனை நாட்கள் எடுத்தன.

ஆசிரியர் ஐயா சொன்னபடி பழைய படங்களை எடுத்துப் பார்த்தேன். பதினான்கில் பதினொன்று நாடியோடு முடிந்திருந்தன. இப்போது பலகையின் கீழ்ப் பாதி முழுவதும் கழுத்துத்தான். பாயை ஈரத்துணியில் சுற்றி வைத்து மறுநாள் அவிழ்த்தபோது அறை முழுவதும் ஊர் வீட்டுத் திண்ணையின் மணம் எழுந்தது. அதை எப்படி ஒட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நாடிக்குக் கீழே பாயின் பின்னல் நெருக்கமாக இருக்கிறது. தொண்டையின் நடுவே, பாய் ஏற்கனவே கிழிந்திருந்த இடம் வரும்படி வைத்தேன். அந்தக் கிழிசலில் தோல் நிறத்தைப் பூசவில்லை.

சேலை விடயத்தை அம்மாவிடம் கேட்கப் பயந்து ஒரு கிழமையைக் கடத்தினேன். கேட்டதும் அம்மா ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோலைத் தானே எடுத்து, உள்மடிப்பில் ஒரு சாண் அளந்து வெட்டித் தந்துவிட்டு, மிச்சத்தை மடித்து அலுமாரியில் வைத்தார். நூலை உருவுவதற்கும் அவரே உதவினார். கிழிசலைச் சேர்த்துத் தைக்கத்தான் நினைத்தேன். ஆறு தையல்களோடு நிறுத்தி, நூலின் மிச்சத்தைத் தொங்க விட்டிருக்கிறேன்.

அம்மம்மாவின் படத்தைக் காதின் அருகே சிறிதாக மாற்றி ஒட்டினேன். அச்சிடும்போது திருப்பச் சொல்ல மறந்துவிட்டேன், ஐயா. அதனால் அவருடைய மூக்குத்தி எதிர்ப்பக்கத்துக்குப் போய்விட்டது. உரித்துவிட்டு மீண்டும் செய்யலாம் என்று இருந்தேன். அதைப் பார்த்த அம்மா, கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவிட்டுத் தலை சீவும்போது பின்னால் நின்று பார்த்தால் அம்மம்மா இப்படித்தான் தெரிவார் என்றார். ஆகையால் அப்படியே விட்டுவிட்டேன். நானும் என்னைக் கண்ணாடியைப் பார்த்துத்தானே வரைகிறேன்.

ஒன்று மாத்திரம் இன்னும் சரிவரவில்லை. பாயின் மேல் பூசிய தோல் நிறம் பின்னலின் பள்ளங்களில் தேங்கி, கழுத்து அழுக்காகத் தெரிகிறது. பூச்சை இன்னும் நீர்க்க வைக்கவேண்டுமா, அல்லது காய்ந்த தூரிகையால் மேடுகளை மாத்திரம் தொடவேண்டுமா?

மறுமொழி 5: ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர், களுவாஞ்சிகுடி

காய்ந்த தூரிகைதான், மகள். நிறத்தை எடுத்ததும் தூரிகையைப் பழைய துணியில் நன்றாக ஒற்றிவிட்டு, பன்னின் ஓட்டத்துக்குக் குறுக்கே இலேசாக இழுங்கள். தேங்கிய இடங்களை ஈரப் பல்துலக்கியால் இன்றே தேய்த்து எடுக்கப் பாருங்கள். அக்ரிலிக் முற்றாக இறுகிவிட்டால் வராது. தொங்கும் நூலின் மேல் வார்னிஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், அது காற்றில் அசையட்டும்.