குதிரையின் உடற்கூறு தெரிந்தபின் சவாரியில் என்ன மாறியது? உங்கள் அனுபவங்கள்

கோவையான்:

நான் போகும் லாயத்தில் கத்தியவாரி இனத்துப் பெட்டைக் குதிரை ஒன்று உண்டு. சேணத்தைக் கண்டாலே காதைப் பின்னால் மடக்குவாள், வயிற்று வாரை இறுக்கினால் கடிக்கத் திரும்புவாள். "திமிரு, ரெண்டு சாத்து சாத்தினா சரியாயிடும்" என்பதுதான் அங்கே எல்லோருடைய தீர்ப்பும். சேணம் தைக்கிற பெரியவர் ஒருவர் வந்தார். அடிக்கவும் இல்லை, கொஞ்சவும் இல்லை. தோள்பட்டைக்குப் பின்னால் என் உள்ளங்கையை வைக்கச் சொல்லிவிட்டு, முன்னங்காலைத் தூக்கி மெதுவாக முன்னால் இழுத்தார். தோள் எலும்பின் மேல்விளிம்பு தோலுக்கடியில் நழுவிப் பின்னால் வந்து என் கையை இடித்தது. இரண்டு விரல் அகலமாவது நகர்ந்திருக்கும்.

அந்த லாயத்து வழக்கப்படி சேணம் உட்காரும் இடமும் அதேதான். அவள் ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் எலும்பு சேணத்துச் சட்டத்தில் போய் முட்டியிருக்கிறது. யாருக்குத்தான் கோபம் வராது?

குதிரைக்குக் காறை எலும்பு கிடையாது. முன்னங்கால்களை உடம்போடு சேர்ப்பது மூட்டு அல்ல, தசை. இரண்டு தோள்பட்டைகளுக்கு நடுவே நெஞ்சுக்கூடு தூளியில் போட்ட மாதிரி தொங்குகிறது. சும்மா நிற்கும்போதே உடல் எடையில் ஏறக்குறைய 60 சதவீதம் முன்னங்கால்களில்தான். அதன்மேல் நாமும் ஏறி உட்காருகிறோம். தசை களைத்தால் நெஞ்சு கீழே இறங்கும், குதிரை முன்பாரமாகிக் கடிவாளத்தில் தொங்கும். "கை கனமா இருக்கு" என்று புகார் சொல்லிக் கடிவாளத்தை மாற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. மேட்டில் மெதுவாக ஏறுவது, பக்கவாட்டில் எட்டு வைப்பது, நடை மாற்றி மாற்றிப் போவது, இவையெல்லாம் அந்தத் தசையை வளர்க்கிற வேலைகள்.

பின்பக்கத்துக்கும் ஓர் எல்லை உண்டு. மொத்தம் 18 ஜோடி விலா. கடைசி விலாவை விரலால் தடவிக்கொண்டே மேலே முதுகு வரை போங்கள். சேணம் அதைத் தாண்டக் கூடாது, அதற்கப்பால் இடுப்புக்கு விலாவின் ஆதரவு இல்லை.

சேணத்தைப் பின்னால் தள்ளி வைத்த பிறகு அவள் நடை நீண்டுவிட்டது. வாரைக் கண்டால் முகம் சுளிப்பது மட்டும் இன்னும் போகவில்லை. வலி போனாலும் நினைப்பு போகாது போல.

அந்தியூர்ப் பக்கம்:

ஆடி மாசம் எங்க குருநாதசாமி கோயில் சந்தைக்கு வர்றவங்க மொதல்ல சுழி பாப்பாங்க, அப்புறம் நெறம், அப்புறம் காது நுனி ரெண்டும் சேருதான்னு. காலப் பாக்கறது கடைசிலதானுங்க. எங்கய்யன் நேர் எதிர். முன்னங்கால் முட்டிக்குக் கீழ தசையே கெடையாது, வெறும் எலும்பும் நாரும்தான். அந்தப் பின்பக்க நாரை தெனம் காலைல பொறங்கையால தடவிப் பாப்பாரு. ஒரு கால் சூடா, இன்னொண்ணு குளுந்து இருந்தா அன்னைக்கி வேலை கெடையாது. நாருக்கு ரத்த ஓட்டம் கம்மி, அறுந்துச்சுன்னா ஆற மாசக்கணக்குல ஆவும். தார் ரோட்டுல மேளத்துக்கு ஆட விடறவங்க இத யோசிக்கோணும்.

இன்னொண்ணு. கழுத்தைத் தூக்கிக் கட்டி ஆட விட்டா பாக்க லட்சணமாத்தான் இருக்குது, ஆனா முதுகு குழிஞ்சு போயிருது. தலைல இருந்து முதுகு நெடுக ஒரு கெட்டியான நார் ஓடுதுங்க. தலைய எறக்குனா அது இழுபட்டு முதுகு மேல வரும். அதனால சாயங்காலம் நீளக் கயித்துல விட்டு, தலைய நெலத்துப் பக்கம் நீட்டிக்கிட்டே சுத்த விடறோம்.

சென்னை மாணவி:

டிராட்டில், அதாவது குதிரை துள்ளு நடையில் ஓடும்போது, தாளத்துக்கு எழுந்து உட்காருகையில் "டயகனல் தப்பு!" என்று மாஸ்டர் கத்துவார், காரணம் சொல்ல மாட்டார். டிராட்டில் கால்கள் குறுக்கு ஜோடியாக விழும், அந்த ஜோடிதான் டயகனல். வட்டத்தில் வெளிப்பக்கத் தோள் முன்னே போகும்போது நாம் எழுந்தால், அதே நேரம் உள்பக்கப் பின்னங்காலும் காற்றில் இருக்கும். முதுகில் பாரம் குறைவதால் அது வயிற்றுக்கடியில் நன்றாக எட்டு வைக்கும், வட்டத்தில் தள்ளுகிற வேலை அதற்குத்தான் அதிகம். காலெலும்புகளின் படத்தோடு இதைப் பார்த்த பிறகு எனக்குத் தோளைக் குனிந்து பார்க்க வேண்டிய தேவையே இல்லை, இடுப்பிலேயே தெரிகிறது.

கேன்டரில், அதாவது டிராட்டைவிட வேகமான பாய்ச்சல் நடையில், மூக்குச் சத்தத்தைக் கேளுங்கள். ஓர் எட்டுக்கு ஒரு மூச்சு. குதிரையால் வாயால் மூச்சு விட முடியாது, கால் ஓடுகிற தாளத்தை விட்டு மூச்சை மட்டும் தனியாகக் கூட்டவும் முடியாது. மூச்சு வாங்க விடணும் என்றால் வேகத்தை இறக்கித்தான் ஆகணும்.

கோவை அண்ணா, உங்கள் பெட்டைக்கு விதர்ஸ் மேட்டுப் பக்கம் (கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு) வெள்ளை முடி முளைத்திருக்கிறதா? சேணம் அழுத்திய இடத்தில் அப்படி முளைக்கும்.

கோவையான்:

இருக்கிறதும்மா, வலப்பக்கம் மட்டும். தரையிலிருந்து இடப்பக்கமாக ஏறும்போது சேணம் நம் பக்கம் இழுபடும், அழுத்தம் எதிர்ப்பக்க மேட்டில் விழும். வருஷக்கணக்காக எல்லோரும் அப்படித்தான் ஏறியிருக்கிறார்கள். இப்போது ஒரு பழைய தொட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதிலிருந்து ஏறுகிறோம், ஒருநாள் விட்டு ஒருநாள் வலப்பக்கமாக. குதிரை சீக்கிரமே ஒத்துக்கொண்டது. சவாரிக்காரர்கள்தான் இன்னும் முரண்டு பிடிக்கிறார்கள்.