லேப்டாப்புக்கு இரண்டாவது திரை: பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிப் போகிற மாதிரி எது வாங்கலாம்?

காட்பாடி_கணக்கன்:

எல்லோருக்கும் வணக்கம். காட்பாடியில் இருந்துகொண்டு நாலைந்து பார்ட்டிகளுக்குக் கணக்கு பார்த்துக் கொடுக்கிறேன். ஆபீஸ் என்று தனியாக எதுவும் கிடையாது, அவர்கள் இடத்துக்கே போய் உட்கார்ந்து முடித்துவிட்டு வருவதுதான். ராணிப்பேட்டையில் இரண்டு, மேல்விஷாரத்தில் ஒன்று, ஆம்பூர், வாணியம்பாடி. எல்லாமே தோல், ஷூ சம்பந்தப்பட்ட இடங்கள். மேல்விஷாரம் வரைக்கும் வண்டி, மற்றதெல்லாம் பஸ்.

பிரச்சினை மாசம் பாதியில் வருகிறது. 14-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-2பி, அதாவது சப்ளையர்கள் ஜிஎஸ்டியில் காட்டிய பில்களின் பட்டியல், வந்துவிடும், 20-க்குள் 3பி என்கிற மாசாந்திர ரிட்டர்ன் போட்டாக வேண்டும். நடுவில் இருக்கிற அந்த ஐந்தாறு நாளில் 2பி எக்செல், டாலி என்கிற கணக்கு சாஃப்ட்வேரில் பர்ச்சேஸ் ரிஜிஸ்டர், சப்ளையர் அனுப்பிய பில் பிடிஎஃப், இந்த மூன்றையும் 14 இன்ச் திரையில் மாற்றி மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு தொகையைப் படித்து, மனதில் வைத்துக்கொண்டு, ஆல்ட்-டேப் அடித்து அடுத்த பக்கம் போவதற்குள் கடைசி மூன்று இலக்கம் போய்விடும். போன மாசம் 1,18,450-ஐ 1,14,850 என்று எழுதி வைத்துக்கொண்டு, பாவம், ஒரு சப்ளையரிடம் அரை நாள் சண்டை போட்டேன்.

லேப்டாப் மூன்று வருடப் பழசு, விண்டோஸ். ஒரு டைப்-சி, ஒரு எச்டிஎம்ஐ, இரண்டு சாதா யூஎஸ்பி இருக்கிறது. கையில் 12,000 வைத்திருக்கிறேன். 14 இன்ச்சா 15.6-ஆ, 4கே எடுக்க வேண்டுமா, ஒரே கேபிளில் வேலை ஆகுமா, டச் எதற்காவது உதவுமா? யாராவது நிஜமாகவே தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும், விளம்பர வீடியோ நிறையப் பார்த்துவிட்டேன்.

சத்துவாச்சாரி_சர்வீஸ்:

திரையைப் பற்றி அப்புறம் பேசலாம். முதலில் லேப்டாப்பைத் திருப்பி அந்த டைப்-சி ஓட்டைக்குப் பக்கத்தில் என்ன குறி போட்டிருக்கிறது என்று பாருங்கள். மின்னல் மாதிரி இருந்தால் தண்டர்போல்ட், கவலையே இல்லை. டி எழுத்துக்குள் பி எழுத்து வைத்த மாதிரி இருந்தால் டிஸ்ப்ளே போர்ட், அதுவும் சரி. இந்த இரண்டில் ஒன்று இருந்தால் ஒரே கேபிளில் படமும் கரண்டும் போய்விடும். வெறும் யூஎஸ்பி குறி மட்டும் இருந்தால் பெரும்பாலும் டேட்டாவுக்கு மட்டும்தான், சார்ஜ் ஏறினாலும் ஏறும், ஆனால் படம் வராது. சில கம்பெனிகள் வசதியைக் கொடுத்துவிட்டுக் குறி போடாமல் விட்டுவிடுவார்கள், அதனால் அடியில் ஒட்டியிருக்கிற மாடல் நம்பரை வைத்து கம்பெனி சைட்டில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். என் கடைக்கு இதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் மானிட்டர் கெட்டுவிட்டது என்றுதான் வருவார்கள். மானிட்டருக்கு ஒன்றும் இருக்காது, லேப்டாப் போர்ட்டில் படம் வெளியே வருகிற வசதியே இருக்காது.

உங்களுக்கு எச்டிஎம்ஐ இருக்கிறதே, அதனால் எப்படியும் வேலை நடக்கும். ஆனால் எச்டிஎம்ஐயில் படமும் சத்தமும்தான் போகும், கரண்ட் போகாது. அதற்கு இன்னொரு கேபிள் போட வேண்டும். இந்த மானிட்டர்களில் பெரும்பாலும் மினி எச்டிஎம்ஐதான் இருக்கும், அந்தக் கேபிள் பெட்டிக்குள்ளேயே வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

4கே வேண்டாம். 15.6 இன்ச்சில் 4கே வைத்தால் எழுத்து எறும்பு மாதிரி ஆகிவிடும், கடைசியில் 200 சதவீதம் பெரிதாக்கி வைத்துக்கொண்டு பழைய இடத்துக்கே வருவீர்கள், கரண்ட் மட்டும் கூடுதலாகக் குடிக்கும். ஃபுல் எச்டி, ஐபிஎஸ் (பக்கவாட்டில் இருந்து பார்த்தாலும் தெளிவாகத் தெரிகிற வகை), பளபளப்பு இல்லாத மேட் திரை. டச் கணக்கு வேலைக்குத் தண்டம், விரல் ரேகைதான் மிச்சம்.

கொசப்பேட்டை_ராத்திரிஷிஃப்ட்:

சர்வீஸ் அண்ணன் சொன்னதோடு என் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் வாரத்தில் மூன்று நாள் பெங்களூர் ஆபீஸ், மீதி நாள் வேலூர் வீடு. வாங்கி வந்து மாட்டினேன், "நோ சிக்னல்". இரண்டு நாள் அதே திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், திருப்பி அனுப்ப விண்ணப்பமும் போட்டாகிவிட்டது. கடைசியில் பார்த்தால் நான் போட்டது போனோடு வந்த கேபிள். இரண்டு முனையும் டைப்-சி, பார்க்க அச்சு அசல் ஒரே மாதிரி, ஆனால் அது சார்ஜுக்கும் யூஎஸ்பி 2.0 டேட்டாவுக்கும் மட்டும் ஆனது, உள்ளே படம் போகிற கம்பிகளே கிடையாது. மானிட்டர் பெட்டியில் அடி அட்டைக்குக் கீழே சரியான கேபிள் பத்திரமாக இருந்தது! அதற்கு அன்றைக்கே மஞ்சள் டேப் சுற்றிவிட்டேன், வீட்டில் யாரும் போன் சார்ஜ் போட எடுக்கக் கூடாது என்று சட்டம்.

அடுத்தது கரண்ட். 15.6 இன்ச் முழு வெளிச்சத்தில் 8-லிருந்து 10 வாட் வரை இழுக்கும். சாதா யூஎஸ்பி 3 ஓட்டை 5 வோல்ட், 0.9 ஆம்பியர், அதாவது நாலரை வாட்தான் கொடுக்கும் என்பது கணக்கு. அதில் மாட்டினால் வெளிச்சத்தைக் கூட்டக் கூட்டத் திரை அணைந்து அணைந்து எரியும். போன் சார்ஜர் ஒன்றைத் தனியாக மானிட்டருக்கு வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் பவர் பேங்க். 10,000 எம்ஏஎச் என்று எழுதியிருப்பது உண்மையில் 37 வாட்-ஹவர், வழியில் விரயம் போக வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் மூன்று மணி நேரம் ஓட்டலாம். அதே கரண்டை லேப்டாப் பேட்டரியிலிருந்து எடுத்தால் லேப்டாப் சீக்கிரம் படுத்துவிடும்.

அப்புறம், காட்பாடியில் ஏறி ரயிலிலேயே இரண்டு திரை விரித்து வேலை பார்க்கலாம் என்று நானும் கனவு கண்டேன். சேர் காரில் அந்த மடக்குப் பலகையில் லேப்டாப் வைத்தாலே டீ வைக்க இடம் இல்லை. ஜோலார்பேட்டை வருவதற்குள் மூட்டை கட்டி உள்ளே வைத்துவிட்டேன். அதெல்லாம் மேஜை இருக்கிற இடத்துக்குத்தான்.

பழைய_ஆற்காடு:

நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். தம்பி போகிறதே ஐந்து இடம். ஐந்து இடத்திலும் ஏதாவது ஒரு மானிட்டர் இருக்குமே? இரண்டு மீட்டர் எச்டிஎம்ஐ கேபிள் ஒன்றும், பழைய மானிட்டராக இருந்தால் விஜிஏ கன்வெர்ட்டர் ஒன்றும் பையில் போட்டுக்கொண்டால் ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும், 12,000 கையில் நிற்கும். நான் முப்பது வருடம் ஆடிட் வேலைக்கு ஊர் ஊராகப் போனவன், அப்போது கால்குலேட்டரும் சிவப்புப் பேனாவும்தான். இல்லாவிட்டால் வீட்டில் கிடக்கிற டேப்லெட்டை இரண்டாவது திரையாக ஆக்குகிற ஆப் இருக்கிறது, என் மகன் ஸ்பேஸ்டெஸ்க் என்று ஒன்று போட்டுக் கொடுத்தான், காசு கேட்கவில்லை.

காட்பாடி_கணக்கன்:

அய்யா, சொன்னது நியாயம்தான், நானும் யோசித்தேன். மானிட்டர் இருக்கிறது, ஆனால் ஒவ்வொன்றுக்கும் முன்னால் ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். ராணிப்பேட்டையில் டெஸ்பாட்ச் பையன் எழுந்தால்தான் எனக்குத் திரை, அவன் எழுவதோ லாரி கிளம்பிய பிறகு. டேப்லெட் முயற்சி செய்துவிட்டேன், 10 இன்ச்சில் 2பி எக்செல்லின் நெடுவரிசை எல்லாமே நூல் மாதிரி தெரிகிறது, பார்ட்டி வைஃபையில் மவுஸ் நகர்த்தினால் அம்பு ஒரு மூச்சு விட்டுத்தான் நகர்கிறது.

சர்வீஸ் அண்ணா, போர்ட்டைப் பார்த்தேன். வெறும் யூஎஸ்பி குறிதான். மாடல் நம்பர் போட்டும் பார்த்தாகிவிட்டது, படம் வராது என்றே இருக்கிறது. அப்போது எனக்கு எச்டிஎம்ஐ வழிதான். 14-ஆ 15.6-ஆ என்பது இன்னும் பாக்கி.

ஆம்பூர்_தோல்பை:

15.6 எடுங்கள். காரணம் சொல்கிறேன். உங்களுக்கு முக்கியமாகப் பார்க்க வேண்டியது பில், பில் என்றால் ஏ4. மானிட்டரை நெட்டுக்குத்தாகத் திருப்பி வைத்துப் பாருங்கள். 15.6 இன்ச் திரையின் அகலம் அப்போது 19.4 செ.மீ. வரும், ஏ4 தாள் 21 செ.மீ. ஆக முழு பில்லும் தலையிலிருந்து கையெழுத்து வரை கிட்டத்தட்ட நிஜ அளவில், மேலே கீழே தள்ளாமல் அப்படியே நிற்கும், பில்லில் சரக்கு வகைக்குப் போடுகிற எச்எஸ்என் நம்பர் கூடக் கண்ணை இடுக்காமல் படிக்கலாம். 14 இன்ச்சில் அகலம் 17.4 செ.மீ.தான், அந்த இரண்டு செ.மீ. சின்ன எழுத்து பில்லில் தெரியும். விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்கில் போர்ட்ரெய்ட் என்று மாற்றினால் போதும். லேப்டாப்பில் டாலி, நெட்டுக்குத்துத் திரையில் பில். எடை வித்தியாசம் ஒரு இருநூறு கிராம் வரும், ஒரு பொட்டலம் மிக்சர்.

ஆனால் நெட்டுக்குத்தாக நிற்க ஸ்டாண்ட் வேண்டும். அட்டை மாதிரி மடக்கி முக்கோணமாக நிறுத்துகிற காந்த உறை படுக்கை வாட்டத்துக்குத்தான் நிற்கும், அதுவும் நம் ஊர் ஆபீஸ்களில் மேஜைமேல் கண்ணாடி போட்டு அடியில் விசிட்டிங் கார்டு செருகி வைத்திருப்பார்களே, அந்தக் கண்ணாடியில் அது மெல்ல மெல்ல வழுக்கிப் படுத்துவிடும். பின்பக்கம் உலோகக் கால் உள்ளதைப் பாருங்கள். கீழே கேமரா ஸ்டாண்ட் மாட்டுகிற கால் இன்ச் மரை இருந்தால் இன்னும் நல்லது, ஒரு சின்ன டிரைபாடில் எப்படி வேண்டுமானாலும் திருப்பி வைக்கலாம்.

எனக்கு இது எப்படித் தெரியும் என்றால், நான் ஷூ அப்பர் டிசைனைத் தூக்கிக்கொண்டு ஆக்ரா, கான்பூர் என்று போகிறவன். முதல் மானிட்டர் உடைந்தது என் தப்பு. லேப்டாப் சார்ஜர் கட்டியையும் இதையும் ஒரே அறையில் போட்டு, பஸ்ஸில் பையைக் காலுக்கு நடுவில் நெருக்கி வைத்தேன். இறங்கிப் பார்த்தால் மூலையில் சிலந்திவலை. அப்புறம் எங்கள் சேம்பிள் ரூமில் இருக்கிறவரிடம் சொல்லி மிச்சத் தோலில் ஒரு உறை தைத்து வாங்கினேன், முகத்துப் பக்கம் மூன்று மில்லி ஃபோம் ஷீட், உள்ளே லைனிங் துணி. சும்மா தோல் மட்டும் வைத்தால் அழுத்தம் தாங்காது, உள்ளே விறைப்பாக ஒரு அட்டை போகணும். கண்ணாடிப் பக்கம் எப்போதும் லேப்டாப் மூடியைப் பார்த்த மாதிரி வையுங்கள், வெளிப்பக்கம் பார்த்த மாதிரி வேண்டாம். மே மாச வெயிலில் வண்டி டேங்க் கவரிலோ சீட் டிக்கியிலோ வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், வேலூர் வெயில் தோலையே வளைக்கும்.

நிறத்தைப் பற்றி விளம்பரத்தில் 45 சதவீதம் என்டிஎஸ்சி, 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்றெல்லாம் போடுவார்கள், திரை எவ்வளவு நிறம் காட்டும் என்பதற்கான அளவு அது. கணக்குக்கு 45 போதும். தோல் வேலையில் இருக்கிற நானே நிறத்துக்குத் திரையை நம்புவதில்லை, துண்டு வெட்டி கூரியரில்தான் அனுப்புவேன்.

சத்துவாச்சாரி_சர்வீஸ்:

ஆம்பூர் அண்ணன் சொன்ன நெட்டுக்குத்து விஷயம் எனக்கே தோன்றவில்லை. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். வாங்கின அன்றைக்கே வெள்ளைப் பக்கம், கறுப்புப் பக்கம் இரண்டும் முழுத் திரையில் ஓட்டிப் புள்ளி செத்திருக்கிறதா என்று பாருங்கள், வெளிச்சத்தைக் கடைசி வரை குறைத்தும் பாருங்கள். சில மலிவு மாடல்களில் குறைத்தால் திரை துடிக்கும், கண்ணுக்கு உடனே தெரியாது, மாலைக்குள் தலைவலி வந்துவிடும். போன் கேமராவில் பிடித்தால் கோடு கோடாக ஓடுவது தெரியும். வெளிச்ச அளவு 250 நிட்ஸ் டியூப் லைட் ரூமுக்குப் போதும், ஜன்னல் ஓரம் உட்காருகிறவராக இருந்தால் 300-க்கு மேல் பாருங்கள்.

கேட்கிறவர்களுக்காக: லெனோவா திங்க்விஷன் எம்14 நல்ல சரக்கு, 600 கிராம் பக்கம்தான் எடை, ஆனால் அதில் இருப்பது டைப்-சி மட்டும், எச்டிஎம்ஐ கிடையாது. கணக்கர் தம்பிக்கு ஆகாது. இந்த மாதிரி பேரைப் பார்த்து வாங்கி மாட்டிக்கொண்டவர்கள் நிறைய.

காட்பாடி_கணக்கன்:

வாங்கிவிட்டேன். 15.6, ஃபுல் எச்டி, பின்னால் உலோகக் கால், மினி எச்டிஎம்ஐ. கையில் இருந்ததில் கொஞ்சம் மிச்சம்கூட வந்தது. நேற்று வாணியம்பாடியில் முதல் தடவை விரித்தேன். விண்டோஸ் கீயோடு பி அழுத்தி எக்ஸ்டெண்ட், பில்லை நெட்டுக்குத்தாக நிறுத்தினேன், டாலியில் விரல், பில்லில் கண். சாயங்காலம் வரை இழுக்கிற ஒரு சப்ளையர் லெட்ஜர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்தது. காசாளர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு இதில் மேட்ச் வருமா என்று கேட்டார்.

ஒரே ஒரு தொல்லை. நெட்டுக்குத்தாக வைத்தால் மினி எச்டிஎம்ஐ முனை கீழ்ப்பக்கம் வந்துவிடுகிறது, கேபிள் மேஜையில் இடித்து வளைகிறது. அந்த ஓட்டை சீக்கிரம் தளர்ந்துவிடும் என்று பயமாக இருக்கிறது.

ஆம்பூர்_தோல்பை:

எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள், ஓட்டை மேலே வந்துவிடும். செட்டிங்கில் போர்ட்ரெய்ட் ஃபிளிப்டு என்று இருக்கும், அதைப் போட்டால் படம் நேராகிவிடும். கேபிளை மேலிருந்து தொங்க விடாமல், காலோடு சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிடுங்கள், யாராவது கேபிளைத் தட்டினால் இழுவை ரப்பரில் நிற்கும், ஓட்டைக்குப் போகாது. எல் மாதிரி வளைந்த மினி எச்டிஎம்ஐ முனையும் கடையில் கிடைக்கும், அடுத்த தடவை ஆம்பூர் பக்கம் வரும்போது சொல்லுங்கள், உறைக்கு அளவு எடுத்துக்கொள்கிறேன்.