வேலையை விடும் முன் வியாபாரம் படிக்க வேண்டுமா, விட்ட பிறகா?

அதிர்வுமானி

11 வருடமாக மின்னணுப் பொறியாளராக இருக்கிறேன். மோட்டார், பம்பு இவற்றின் அதிர்வை அளந்து, பேரிங் எப்போது போகப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு சிறு கருவியை வீட்டில் செய்து வைத்திருக்கிறேன். இது மூன்றாவது மாதிரி, நன்றாகவே வேலை செய்கிறது. இதை வைத்து நிறுவனம் தொடங்க வேண்டும் என்று ஆசை.

ஆனால் வியாபாரத்தில் எனக்கு அரிச்சுவடி கூடத் தெரியாது. பேலன்ஸ் ஷீட்டைக் கொடுத்தால் எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது என்று விழிப்பேன். அதனால் வேலையில் இருந்துகொண்டே பகுதிநேர எம்பிஏ சேர்ந்து, 2 வருடம் கழித்து வேலையை விடலாம் என்று நினைக்கிறேன். மனைவியும் அதுதான் நல்லது என்கிறார். நண்பன் ஒருவனோ, "நீ படித்து முடிப்பதற்குள் வேறு எவனாவது விற்றுவிடுவான்" என்கிறான். வயதும் 36 ஆகிவிட்டது. யார் பேச்சைக் கேட்பது?

பழைய_சுத்தியல்

நண்பர் பேச்சை.

மூன்று மாதிரி செய்திருக்கிறீர்கள். எத்தனை பேரிடம் கொண்டுபோய்க் காட்டினீர்கள்? அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையே தம்பி. பலருக்குப் படிப்பு என்பது தள்ளிப்போடுவதற்கு வைத்த மரியாதையான பெயர். நானும் அப்படித் தள்ளிப்போட்டவன்தான். இணைய வகுப்புச் சான்றிதழ் மட்டும் 14 வைத்திருந்தேன், வாடிக்கையாளர் ஒருவர் கூட இல்லை. வேலையை விட்ட முதல் 5 மாதத்தில் கற்றது அந்த 14-இல் ஒன்றிலும் இல்லை. விட்டுவிட்டு இறங்குங்கள்.

வரவு_செலவு

சுத்தியல் அண்ணே, இறங்கட்டும். எவ்வளவு ஆழம் என்று கேட்டுவிட்டாவது இறங்கட்டுமே. சிறு தயாரிப்பு நிறுவனங்களுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். பொறியாளர்கள் தொடங்கியவை அதில் நிறைய. மூடும்போது கடைசியாக வந்து உட்காருவது என் முன்னால்தான். பெரும்பாலும் அவர்கள் கருவி நன்றாகத்தான் இருக்கும்.

அதிர்வுமானி, ஒரு கருவி செய்ய 60 ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாட்டுப் பணமாகவும் இருக்கட்டும். 40 சதவீத லாபம் வேண்டும் என்று 60-உடன் அதில் 40 சதவீதத்தைக் கூட்டி, 84 என்று விலை போடுவீர்கள். தவறு அங்கேயே ஆரம்பிக்கிறது. 84-இல் 24 என்பது 28 சதவீதச் சொச்சம்தான். அப்புறம் ஒரு டீலர் வருவார், 25 சதவீதம் கழிவு கேட்பார். 84-இல் 21 போனால் கைக்கு வருவது 63, மிச்சம் 3. ஆக, 20 கருவி விற்றால் 60 மிஞ்சும். அந்த 20-இல் ஒன்று உத்தரவாதக் காலத்தில் பழுதாகித் திரும்பி வந்து, நீங்கள் புதிதாக ஒன்று கொடுத்தால் அந்த 60-உம் காலி. வாடகை, சம்பளம், உங்கள் சொந்த உழைப்பு எதையும் இதில் நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

சரி, புத்தி வந்து டீலர் இல்லாமல் நேரடியாக 100-க்கு விற்கிறீர்கள், மாதம் 10 கருவி. பாகம் விற்பவர் புது ஆளுக்குக் கடன் தரமாட்டார், முன்பணம் கேட்பார். வாங்கும் தொழிற்சாலையோ 90 நாள் தவணை சொல்லும். மாத ஆரம்பத்தில் பாகம் வாங்கி மாதக் கடைசியில் சரக்கை அனுப்பினால், முதல் மாதச் சரக்குக்கான 1000 வருவது நான்காம் மாதக் கடைசியில். அதற்குள் நான்கு முறை 600 கொடுத்திருப்பீர்கள், ஆக மொத்தம் 2400. லாப நட்டக் கணக்கில் மாதாமாதம் 400 லாபம் என்று அழகாக எழுதியிருக்கும். வங்கியில் பணம் இருக்காது. ஆர்டர் இரட்டிப்பானால் குழியும் இரட்டிப்பாகி 4800 ஆகும். வியாபாரம் நன்றாக நடப்பதாலேயே ஒருவன் மூழ்க முடியும் என்பதை, அது தனக்கே நடக்கும்வரை யாரும் நம்புவதில்லை.

இதைக் கற்க எம்பிஏ தேவையே இல்லை, இரண்டு மூன்று வார இறுதி போதும். ஆனால் வேலையை விடும் முன்பே கற்றுவிடுங்கள். விட்ட பிறகு கற்றால், அந்தக் கல்விக் கட்டணம் உங்கள் சேமிப்பிலிருந்து போகும்.

பழைய_சுத்தியல்

கணக்கைக் காட்டிப் பயமுறுத்தாதீர்கள். ஹியூலெட், பேக்கர்ட் இருவரும் 1939-இல் 538 டாலரில் எச்பி நிறுவனத்தைத் தொடங்கினார்கள். இரண்டு பேருமே பொறியாளர்கள். முதல் கருவி ஆடியோ ஆஸிலேட்டர், ஒலிக் கருவிகளைச் சோதிக்க மின் அலைகளை உண்டாக்குவது. அதற்கு 54.40 டாலர் என்று விலை வைத்தது எப்படித் தெரியுமா? அடக்கவிலை பார்த்து அல்ல. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்க வடமேற்கு எல்லைத் தகராறில் பிரபலமான ஒரு முழக்கத்தில் 54 பாகை 40 கலை என்று ஒரு அட்சரேகை வரும், அந்த எண்ணைத் தூக்கி வைத்துவிட்டார்கள். அப்புறம் பார்த்தால் அந்த விலைக்கு அதைச் செய்யவே முடியவில்லை. என்ன ஆயிற்று, மூடிவிட்டார்களா?

வரவு_செலவு

பாதிக் கதையை விட்டுவிட்டீர்களே. அவர்களுக்குப் போட்டியாக இருந்த கருவியின் விலை சுமார் 400 டாலர். அதனால்தான் விலையை ஏற்ற இடம் இருந்தது, அடுத்த மாதிரியை 71.50-க்கு விற்றார்கள். அதிர்வுமானியின் போட்டியாளர் என்ன விலைக்கு விற்கிறார் என்று அவருக்கே தெரியுமா? கேட்டுப் பாருங்கள்.

அதிர்வுமானி

உண்மையைச் சொன்னால், பார்க்கவில்லை அக்கா. அவர்களுடைய சென்சாரின் துல்லியம், பேட்டரி ஆயுள் எல்லாம் ஒப்பிட்டு அட்டவணை வைத்திருக்கிறேன். விலைக்கு அதில் இடமே விடவில்லை.

பழைய_சுத்தியல்

சரி, இதில் ஒரு குட்டு வாங்கிக்கொள்கிறேன். ஆனாலும் வார இறுதிக் கணக்குப் பாடம் ஒருவரிடம் போய் "வாங்குகிறீர்களா" என்று கேட்கும் தைரியத்தைத் தராது. தம்பிக்கு இல்லாதது அதுதான் என்று நினைக்கிறேன்.

மேலாண்மை_முடித்தவன்

எம்பிஏ முடித்தவன் என்ற முறையில் இரண்டு வரி. கூட்டத்தில் பேசும் பயம் போயிற்று, நல்ல நண்பர்கள் கிடைத்தார்கள், நிதி அறிக்கை படிக்க வந்தது. ஆனால் பாடத்தில் அலசியவை எல்லாம் ஏற்கெனவே ஆயிரக்கணக்கில் ஆட்கள் வேலை பார்க்கும் நிறுவனங்கள். முதல் வாடிக்கையாளரை எங்கே போய்ப் பிடிப்பது என்று யாரும் சொல்லித் தரவில்லை. பெரிய நிறுவனத்தில் மேலாளராக வேண்டும் என்றால் சேருங்கள்.

இரு_தோணி

"விடுவதா, படிப்பதா" என்று ஏன் இரண்டே வழி போல் பேசுகிறோம்? வேலையில் இருந்துகொண்டே விற்கலாமே. 2014-இல் ராஃபி, ஃபெங் என்ற இரு ஆய்வாளர்கள் அமெரிக்கத் தரவை வைத்து இதைப் பார்த்தார்கள். வேலையோடு சேர்த்துத் தொழிலைத் தொடங்கி, பிறகு முழுநேரமாக மாறியவர்கள் தோற்றுப்போகும் வாய்ப்பு, ஒரேயடியாக விட்டுவிட்டு வந்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது.

வயதுக் கவலையும் வேண்டாம். மிக வேகமாக வளர்ந்த, ஆயிரத்தில் ஒன்றான அமெரிக்க நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45 என்று 2020-இல் வெளிவந்த அசூலே குழுவின் ஆய்வு சொல்கிறது. அதே துறையில் முன்பு வேலை பார்த்த அனுபவமும் வெற்றி வாய்ப்பைக் கூட்டியது. உங்களுக்கு 11 வருடம் இருக்கிறது.

என் அனுபவம் ஒன்று. வடிவமைப்புப் பிரிவிலிருந்து, விற்பனையாளரோடு போய் வாடிக்கையாளருக்குத் தொழில்நுட்பம் விளக்கும் வேலைக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். "மேசை வேலையை விட்டுப் பெட்டி தூக்குகிறான்" என்று கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். 18 மாதம் மாதச் சம்பளத்தோடு விற்பனை கற்றேன். வாங்குபவர் எங்கே தயங்குகிறார், கையெழுத்துப் போடும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, "யோசித்துச் சொல்கிறோம்" என்றால் உண்மையில் என்ன பொருள், எல்லாம் அங்கே தெரிந்தது.

பழைய_சுத்தியல்

அந்த ஆய்வில் ஒரு ஓட்டை. பகுதிநேரமாகத் தொடங்கி, சரிப்பட்டு வராது என்று பாதியிலேயே விட்டவர்கள் முழுநேரத்துக்கு வரவே இல்லை, அதனால் தோற்றவர் பட்டியலிலும் இல்லை. வடிகட்டி மிஞ்சியவர்களை எண்ணினால் எண்ணிக்கை அழகாகத்தான் இருக்கும்.

இரு_தோணி

நியாயமான கேள்வி. ஆனால் வடிகட்டல் நடப்பது நல்லதுதானே அண்ணே? சரிப்பட்டு வராது என்று சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே தெரிந்தால், குடும்பம் தப்பிக்கிறது. அதோடு, அந்த இடைக்காலத்தில் தொழிலைப் பற்றியும் தங்களைப் பற்றியும் அவர்கள் கற்றதைத்தான் ஆய்வாளர்களும் முக்கியமாகச் சொல்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். அதிர்வுமானி, உங்கள் பணி ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தீர்களா? வேலை நேரத்துக்கு வெளியே செய்தாலும், நிறுவனத்தின் தொழிலோடு தொடர்புள்ள கண்டுபிடிப்பு நிறுவனத்துக்கே சொந்தம் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். ஆப்பிளைத் தொடங்கியவர்களில் ஒருவரான வோஸ்னியாக், முதல் ஆப்பிள் கணினியை வடிவமைத்தபோது வேலை பார்த்தது, மேலே சுத்தியல் சொன்ன அதே ஹியூலெட் பேக்கர்ட்டில்தான். முதலில் அவர்களிடம் காட்டி, அவர்கள் வேண்டாம் என்ற பிறகே வெளியே கொண்டுபோனார். இந்த ஒரு பக்கத்தைப் படிப்பது எந்த வியாபாரப் பாடத்தையும்விட அவசரம்.

அதிர்வுமானி

இப்போதுதான் தேடி எடுத்தேன். இருக்கிறது, ஏறக்குறைய நீங்கள் சொன்ன அதே வாசகம். எங்கள் நிறுவனம் செய்வது மின்சாரப் பலகைகள், அதிர்வு அளப்பது இல்லை. "தொடர்புள்ள" என்ற சொல்லுக்கு எல்லை எது என்று எனக்குப் புரியவில்லை. வழக்கறிஞர் ஒருவரைப் பார்க்க நேரம் கேட்டிருக்கிறேன்.

பழைய_சுத்தியல்

பாருங்கள், பார்த்துவிட்டே செய்யுங்கள். ஆனால் அந்தச் சாக்கில் வீட்டிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். ஆளைப் பார்த்துப் பேச யார் அனுமதியும் வேண்டாம்.

இன்றைய சோனி, 1950-இல் டேப் ரெக்கார்டர் செய்து வெளியிட்டது. பார்த்தவர்கள் எல்லாம் ஆச்சரியப்பட்டார்கள், வாங்கத்தான் ஆள் இல்லை. போருக்குப் பிறகு ஜப்பான் நீதிமன்றங்களில் சுருக்கெழுத்தாளர்களுக்குப் பஞ்சம் என்று அதன் நிறுவனர்களில் ஒருவரான மொரிட்டாவுக்குத் தெரிய வந்தபோதுதான் கதை மாறியது, உச்ச நீதிமன்றமே வாங்கியது. போய்ப் பேசுங்கள். ஒன்றே ஒன்று, "இப்படி ஒரு கருவி இருந்தால் வாங்குவீர்களா" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு எல்லோரும் ஆமாம் என்பார்கள். "போன தடவை மோட்டார் நின்றபோது என்ன செய்தீர்கள்" என்று கேளுங்கள்.

அதிர்வுமானி

மூன்று வாரம் கழித்து வருகிறேன். வழக்கறிஞர், நிறுவனத்திடமே எழுதிக் கேட்டு வாங்கச் சொன்னார். மேலாளரிடம் கேட்க இரண்டு நாள் வயிறு கலங்கியது. ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் நேற்று கைக்கு வந்தது.

அதற்கு முன்பே, பழைய சகா ஒருவர் மூலம் ஒரு தொழிற்சாலையின் பராமரிப்பு மேலாளரைப் பார்த்தேன். துல்லியம் பற்றி 10 நிமிடம் பேசினேன், மனிதர் கொட்டாவி விட்டார். அப்போதுதான் சுத்தியல் அண்ணன் சொன்ன கேள்வி நினைவுக்கு வந்து, கேட்டேன். "எங்கள் ஃபிட்டர் கையை வைத்தாலே எது போகப்போகிறது என்று சொல்லிவிடுவார், உங்கள் கருவி எதற்கு" என்றார். எனக்கு முகம் விழுந்துவிட்டது. பிறகு அவரே, "ஆனால் அவர் அடுத்த வருடம் ஓய்வு பெறுகிறார்" என்றார். அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பேசினோம். ஃபிட்டரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

கடைசியில் "விலை என்ன" என்றார். அக்கா சொன்னதெல்லாம் மறந்து போய், அடக்கவிலைக்கு மேல் கொஞ்சம் வைத்து ஒரு எண்ணைச் சொன்னேன். உடனே "சரி, நான்கு கொடுங்கள்" என்றார். கடிதம் வரட்டும் என்று ஆர்டரை மட்டும் நிறுத்தி வைத்திருந்தேன்.

வரவு_செலவு

உடனே சரி என்றாரா? யோசிக்கக் கூட இல்லையா? அப்படியென்றால் பாதி விலை சொல்லியிருக்கிறீர்கள்.

பழைய_சுத்தியல்

சொல்லிவிட்டுப் போகட்டும். இப்போது போய் விலையை மாற்றாதீர்கள் தம்பி, பெயர் கெட்டுவிடும். நான்கு கருவியில் என்ன பெரிய நட்டம் வந்துவிடப்போகிறது?

வரவு_செலவு

மாற்ற வேண்டாம். "இது முதல் நான்குக்கு மட்டும் சோதனை விலை" என்று எழுத்தில் கொடுங்கள். இல்லாவிட்டால் ஐந்தாவதுக்கும் ஐம்பதாவதுக்கும் அதே விலைதான் கேட்பார்கள். பணம் எப்போது தருவதாகச் சொன்னார்கள்?

அதிர்வுமானி

கொள்முதல் பிரிவிலிருந்து ஒரு படிவம் வந்திருக்கிறது. 90 நாள் என்று அச்சடித்தே இருக்கிறது. எம்பிஏ விண்ணப்பத்துக்கும் நாளைதான் கடைசி நாள், அது வேறு திறந்தபடியே கிடக்கிறது.

வரவு_செலவு

அச்சடித்தது எல்லாம் கல்வெட்டு இல்லை. பாதி முன்பணம் கேளுங்கள்.

அதிர்வுமானி

முதல் ஆர்டரிலேயே அப்படிக் கேட்கலாமா? கோபித்துக்கொண்டு வேண்டாம் என்றுவிட்டால்?

பழைய_சுத்தியல்

கேளுங்கள் தம்பி. மின்னஞ்சலில் வேண்டாம், போனில் கேளுங்கள். என்ன சொன்னார்கள் என்று இங்கே வந்து எழுதுங்கள்.