லாபம் கூடியும் வரி 31 சதவீதமா? ஒரு நூற்பாலைக் கணக்கும் சண்டையும்

கோட்டையூர்க்காரன்:
என்னிடம் ஒரு நூற்பாலையின் பங்கு கொஞ்சம் இருக்கிறது, பெயர் வேண்டாம். 2024-25 ஆண்டறிக்கை வந்தது. வரிக்கு முந்தைய லாபம் 40 கோடியிலிருந்து 44 கோடி, நல்லது. ஆனால் வரிச் செலவு 6.8 கோடியிலிருந்து 13.64 கோடி! போன வருஷம் 17 சதவீதம், இப்போது 31. எல்லாம் சேர்த்து 25.168 தானே கம்பெனி வரி? மீதியை யார் சுருட்டியது?

செக்காலை ஆடிட்டர்:
அண்ணே, சுருட்ட நினைப்பவன் வரிச் செலவைக் கூட்டியா காட்டுவான்? 1961 வருமான வரிச் சட்டத்தின் 115பிஏஏ பிரிவில் 22 சதவீதம், அதன்மேல் 10 சதவீத சர்சார்ஜ் (கூடுதல் வரி), அப்புறம் 4 சதவீத செஸ் (மேல்வரி), அதுதான் உங்கள் 25.168. அது வருமான வரிச் சட்டப்படி கணக்கிட்ட வருமானத்துக்கு. நீங்கள் வகுத்திருப்பது புத்தக லாபத்தால், அதாவது ஆண்டறிக்கையில் காட்டிய லாபத்தால். வரிக் குறிப்பில் இரண்டையும் ஒத்துப் பார்க்கும் அட்டவணை இருக்கும், அதை இங்கே போடுங்கள்.

கோட்டையூர்க்காரன்:
44 கோடிக்கு 25.168 வீதம் 11.07. வரிக் கணக்கில் கழிக்க முடியாத சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு) செலவால் 0.17. கடைசியில் 'நிலத்தின் மீதான ஒத்திவைத்த வரிச் சொத்து நீக்கம்' 2.40. இது என்ன வித்தை?

செக்காலை ஆடிட்டர்:
வித்தை இல்லை, 2024 பட்ஜெட். முன்பு நிலம் விற்றால் பணவீக்கத்துக்கு ஏற்ப வாங்கிய விலையை உயர்த்திக் காட்டி, மிச்ச லாபத்துக்கு 20 சதவீதம் கட்டலாம். ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், ஆனால் விலையை உயர்த்திக் காட்டும் சலுகை போய்விட்டது. அந்தச் சலுகையால் என்றாவது வரி மிச்சமாகும் என்று, அந்த மிச்சத்தை மில் கணக்கில் ஒரு சொத்தாக எழுதி வைத்திருந்தது, அதுதான் ஒத்திவைத்த வரிச் சொத்து. இப்போது அதை அடித்துவிட்டார்கள். கையை விட்டு ஒரு ரூபாய் போகவில்லை.

தேவகோட்டை ஆச்சி:
விளக்கமெல்லாம் சரி தம்பி. போன வருஷம் 17 சதவீதம் எப்படி வந்தது, அதையும் சொல். முந்தைய வருஷங்களின் நஷ்டம் 13 கோடியை லாபத்தில் கழித்ததில் வரியில் 3.27 கோடி மிச்சம். அப்போது தலைவர் உரையில் 'வரலாறு காணாத நிகர லாபம்' என்று கொட்டை எழுத்தில் போட்டார்களே, பழைய நஷ்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை உண்டா? இந்த வருஷம் மட்டும் 'ஒருமுறைச் செலவு, நீக்கிவிட்டுப் பாருங்கள்' என்கிறார்கள். வந்தால் நிர்வாகத் திறமை, போனால் சட்ட மாற்றமா?

செக்காலை ஆடிட்டர்:
உரை எழுதுவது ஆடிட்டர் வேலை இல்லை ஆச்சி. இது பெரிய இடத்திலும் நடப்பதுதான். 2019 செப்டம்பரில் கம்பெனி வரியைக் குறைத்தபோது, பின்னால் மிச்சமாகும் வரியும் குறைவதால் ஒத்திவைத்த வரிச் சொத்தின் மதிப்பும் இறங்கி, ஐசிஐசிஐ வங்கிக்கு அந்தக் காலாண்டில் 2,920 கோடி கூடுதல் செலவு, லாபம் 655 கோடிதான். வரி குறைந்ததால் லாபம் குறைந்தது! அதற்காக வங்கி ஏமாற்றியது என்றா சொன்னோம்?

கண்டனூர் பையன்:
ரெண்டு வருஷத்தையும் சேர்த்துப் பாருங்க. 84 கோடி லாபத்துக்கு 20.44 கோடி வரி, 24.3 சதவீதம். இதுக்குப் போய் இவ்வளவு சண்டையா?

தேவகோட்டை ஆச்சி:
சேர்த்துப் பார்த்தால் உனக்கு நிம்மதி, நடுவில் வாங்கினவனுக்கு? வழக்கமான வரி போட்டால் போன வருஷ நிகர லாபம் 29.93 கோடிதான். 33.2 கோடி என்று பார்த்து, அந்த விலைக்குப் பங்கு வாங்கினவன் இன்று 30.36ஐப் பார்த்துப் பயந்து விற்கிறான். நீக்கத்தை விலக்கினால் இந்த வருஷம் 32.76, மில் உண்மையில் வளர்ந்திருக்கிறது. இந்த ரெண்டு வாக்கியத்தைத் தலைவர் உரையில் எழுத என்ன கஷ்டம்?

செக்காலை ஆடிட்டர்:
குறிப்பில் இருக்கிறது, படிக்காதது பங்குதாரர் குற்றம். ரொக்க ஓட்ட அறிக்கையில் 'செலுத்திய வரி' பார்த்தீர்களா அண்ணே?

கோட்டையூர்க்காரன்:
11.3 கோடிதான், 13.64 இல்லை. இருந்தாலும் 150 பக்கம் தள்ளிப் பொடி எழுத்தில் போட்டுவிட்டு 'படிக்கவில்லை' என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆச்சி சொன்னதைத்தான் ஆண்டுக் கூட்டத்தில் கேட்கப் போகிறேன். காணொலியில்தானாம், கேள்வியை முன்கூட்டியே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்கிறார்கள்.

தேவகோட்டை ஆச்சி:
அனுப்பும்போது பங்கு இருக்கும் டீமேட் கணக்கின் எண்ணையும் போடு. இல்லையென்றால் அதைச் சொல்லியே தள்ளிவிடுவார்கள்.