துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்க எத்தனை பகடை? பாளையக்காரர் ஆட்ட விதி விவாதம்

தேரிமணல்:
1801 பாஞ்சாலங்குறிச்சியை வச்சு ஒரு ரோல்-பிளேயிங் ஆட்டத்துக்கு (ஆளுக்கொரு பாத்திரமா மேசையில உக்காந்து, செயல் தேறுமாங்கிறதைப் பகடை உருட்டிப் பாக்கிற ஆட்டம்) விதி எழுதுறோம். பிப்ரவரி 2 பாளையங்கோட்டைச் சிறையில இருந்து ஊமைத்துரை தப்புறதுல ஆரம்பிச்சு, மே 24 கோட்டை விழுறது வரைக்கும். வரைவு இப்படி: சண்டையில ஒரு ரவுண்டு, அதாவது எல்லாரும் ஒரு முறை செயல்படுற நேரம், 6 விநாடி. துப்பாக்கி கெட்டிக்க நாலு ரவுண்டு. மருந்து கொட்ட, குண்டு போட, கம்பியால இடிக்க, பத்தவைக்கிற மருந்து வைக்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பகடை. பனை ஏற அஞ்சு பகடை. நுணுக்கம் கூடுதல்னு ஒரு பேச்சு வந்திருக்கு. நுணுக்கம் இல்லன்னா அது பாஞ்சாலங்குறிச்சியா இருக்காதுங்கிறது என் கட்சி.

பாளைப்பகடை:
பனையில இருந்தே வாரேன் அண்ணாச்சி. ஒரு பகடையில பனையேறிக்கு 80 சதவீதம் வாய்ப்புன்னு வைங்க. அஞ்சும் தேறணும்னா 0.8ஐ அஞ்சு தடவை பெருக்கணும். வாறது 33 சதவீதம். மூணு மரம் ஏறுனா ரெண்டுல தோப்பான். 95 சதவீதம் குடுத்தாலும் அஞ்சுக்கு 77தான் நிக்கும். காலையும் சாயங்காலமும் ஏறி இறங்குற ஆளுக்கு இதுவா நிசம்? படியைப் பிரிக்கப் பிரிக்க தோல்விதான் கூடுது.
சும்மா ஏறுறதுக்குப் பகடையே வேண்டாம். இருட்டு, நனைஞ்ச மரம், கீழே சிப்பாய், இதுல ஏதாவது இருந்தா ஒரே ஒரு பகடை. தோத்தா விழ வேண்டாம். நேரம் போகட்டும், இல்ல மட்டை சத்தம் கேக்கட்டும்.

தேரிமணல்:
அது பகடை எண்ணிக்கையைப் பத்தின வாதம். உலகம் எப்படி நடக்குதுங்கிறதை விதி சொல்லணுமா வேண்டாமாங்கிறது வேற. சுருக்கி எழுதுன விதியில உள்ள ஓட்டையைப் பாருங்க. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) ஆட்டத்தோட ஐந்தாம் பதிப்புல பத்தடி வீழ்ச்சிக்கு ஒரு டி6, அதாவது ஆறுமுகப் பகடையில விழுற எண் அளவு சேதம். அறுபதடி பனைக்கு 6டி6, அதாவது அப்படி ஆறு பகடை, சராசரி 21. நாலு ஹிட் பாயிண்ட் (அடி தாங்குற அளவு) உள்ள சாதாரண ஆள் சாவான். அனுபவத்துல பத்தாம் லெவலுக்கு ஏறுன வீரனுக்கு 80ஐ ஒட்டி இருக்கும். மண்ணைத் தட்டிட்டு எந்திரிப்பான், எட்டு மணி நேரம் படுத்தா எல்லாம் திரும்பிரும்.
ஹிட் பாயிண்ட்ல பெரும்பகுதி உடம்பு இல்ல, சாமர்த்தியமும் அதிர்ஷ்டமும்னு 1979லயே அந்த ஆட்டத்தை உருவாக்குனவங்கள்ல ஒருத்தரான கைகாக்ஸ் விளக்கிட்டார். வாள்வீச்சுக்கு அது சரி, கடைசி நேரத்துல விலகிட்டான்னு சொல்லிக்கிடலாம். தரையை விட்டு எங்க விலகுறது? கர்ப்ஸ்ங்கிற இன்னொரு ஆட்டத்துல சராசரி ஆளுக்கு 10 ஹிட் பாயிண்ட், அனுபவம் வந்ததும் தானா ஏறாது. ஒரே அடியில பாதிக்கு மேல போனா சாயாம நிக்க ஒரு பகடை. அடிபட்ட அடுத்த விநாடி தடுமாற்றம், பகடைக் கணக்குல -4 வரைக்கும் குறையும். அதனால அங்க ஆடுறவங்க கோட்டைச் சுவரை அளந்து பாத்துட்டுத்தான் கால் வைப்பாங்க.

பொதிகைக்காத்து:
ரெண்டு பேரும் ரவுண்டு நீளத்தை விட்டுட்டிய. பழகுன சிப்பாய் நிமிசத்துக்கு மூணு தடவை சுடுவான், அதாவது 20 விநாடிக்கு ஒண்ணு. ஒரு நிமிச ரவுண்டு உள்ள பழைய ஏ.டி. அண்ட் டி.யில (டி அண்ட் டியோட முந்தைய வடிவம்) கெட்டிக்கிறது ரவுண்டுக்குள்ளேயே அடங்கிரும். கர்ப்ஸ்ல ஒரு விநாடி முறை, அங்க இருபது முறை காத்திருக்கணும். உங்க 6 விநாடிக்கு மூணு, நாலு ரவுண்டு. எதுவும் பொய் இல்ல. ஆனா மேசையில ஒரு சண்டை நாலஞ்சு ரவுண்டுல முடிஞ்சிரும். துப்பாக்கிக்காரன் ஒரு தடவை சுட்டுட்டு, மிச்ச நேரம் பகடை உருட்டிட்டே இருப்பான். நாலு பகடையில ஒண்ணு தோத்தா அந்த ஒரு தடவையும் கிடையாது.
நாலு ரவுண்டை வைங்க, நாலு பகடையைத் தூக்குங்க. ஒவ்வொரு ரவுண்டும் ஒரே கேள்வி: கெட்டிக்கிறியா, துப்பாக்கியைப் போட்டுட்டு ஈட்டியை எடுக்கிறியா? முடிவு எடுக்க வேண்டிய இடத்துலதான் விதிக்கு வேலை.
இந்தச் சண்டை ரொம்பப் பழசு. 1824ல ரைஸ்விட்ஸ்ங்கிற அதிகாரி பிரஷ்யப் படைக்கு அட்டவணையும் பகடையுமா போர் ஆட்டம் எழுதுனார். 1876ல அதே படையோட இன்னொரு அதிகாரி வெர்டி டு வெர்னுவா அதைத் தள்ளி வச்சிட்டு, அனுபவப்பட்ட நடுவர் தீர்ப்பு போதும்னார்.

பாளைப்பகடை:
மருந்துக் கணக்கையும் சுருக்கணும். ஆளோட மருந்துப் பைக்கு ஒரு டி8, அதாவது எட்டுமுகப் பகடை. சுட்டதும் உருட்டணும், 1 அல்லது 2 விழுந்தா டி6, பிறகு டி4, பிறகு காலி. சராசரி 4+3+2, ஒன்பது சூடு. கோடு போட்டு எண்ண வேண்டாம்.

தேரிமணல்:
இதுலதான் உடன்பாடே இல்ல. முற்றுகையில மருந்துதான் கதை. யாருக்கு எத்தனை குடுக்கிறதுன்னு தலைவன் திணறணும். டி8ஐ ரெண்டு பேருக்கு எப்படிப் பங்கு வைப்பிய? வரிசையா 1 விழுந்தா மூணே சூட்டுல பை காலி. கேட்டா என்ன காரணம் சொல்லுவிய?

பொதிகைக்காத்து:
ஆள் இடுப்புல உள்ள பைக்குப் பகடை, கோட்டைக் கிடங்குக்கு எண்ணிக்கை. ஒரு பீப்பாய் இருபது பையை டி8க்கு ஏத்தும்னு வைங்க. பங்கு வைக்கிற வலி கிடங்குல இருக்கும், சண்டை வேகம் குறையாது. நனைஞ்ச மருந்துக்கு நீங்க ஒரு பக்கம் எழுதினாலும் பிப்ரவரி-மே ஆட்டத்துல அது எத்தனை தடவை வரும்? நம்ம பக்கம் பெருமழை ஐப்பசி, கார்த்திகையிலதான். நனைஞ்சா அன்னைக்கு ஆகாது, வெயில்ல காயவைக்கணும். அந்த ஒரு வரி போதும்.

தேரிமணல்:
கிடங்குக்கு எண்ணிக்கைன்னா சம்மதம். வீழ்ச்சியில இறங்க மாட்டேன். இருபதடிக்கு மேல விழுந்தா ஹிட் பாயிண்ட் கழிக்கிறது இல்ல, நேரா உடல்நலப் பகடை. தோத்தா கால் முறிவு, ஆறு வாரம்.

பாளைப்பகடை:
மொத்த ஆட்டமே பதினாறு வாரம் அண்ணாச்சி. ஆறு வாரம் ஒருத்தர் சும்மா உக்காந்திருக்க முடியாது. முறிவு வந்தவருக்கு அந்த ஆறு வாரமும் கிடங்குப் பொறுப்பைக் குடுங்க, பீப்பாய்க் கணக்கு அவர் கையில. அப்படின்னா உங்க விதிக்கு நானும் சரி.